பழம்பொன்னும் புதுநகையும்

பவுன் என்பதைத் தமிழ்ச் சொல் என்றே நம்மில் பலர் எண்ணி வந்திருக்கிறோம். பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்று வினவாத கலியாண வீடு தமிழர் வாழும் இடங்களில் எங்குமே இராது. ஆனால் அது கப்பலேறி வந்த ஒரு நாணயத்தின் பெயர். ஆங்கில அரசின் பொற்காசாகிய சவரன் 22 காரட் தங்கத்தால் ஆனது. அதன் நிறை 7.98 கிராம். அக்காசை உருக்கியும் கோத்தும் நகை செய்து பழகிய நம்மவர், காலப்போக்கில் காசின் பெயரையே நிறையின் பெயராக்கி, எட்டுக் கிராம் கொண்டது ஒரு பவுன் என்று வகுத்துக்கொண்டனர். 1918ஆம் ஆண்டில் பம்பாயிலேயே சவரன் அச்சடிக்கப்பட்டதும் உண்டு. அந்த அரசு போயிற்று. அக்காசு கடைவீதியிலிருந்து மறைந்தது. அதன் பெயர் மட்டும் நம் வீட்டுப் பெண்களின் கழுத்தில் நிலைத்துவிட்டது.

இந்நாளில் பெங்களூரிலும் சென்னையிலும் இளம்பெண்கள் சிலர் பழங்காசுகளையும், தேய்ந்த வெள்ளிக் கொலுசின் துண்டுகளையும், பாட்டி காலத்துப் பாசிமணிகளையும் தேடிப் பிடித்து, அவற்றைக் கைவேலையாகக் கோத்துப் புது அணியாக்கி அணிந்து வருகின்றனர். இஃது ஏதோ புது நாகரிகம் என்று வியப்பாரும் உளர். பழைய இரும்புக்கடைச் சரக்கைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதா என்று பழிப்பாரும் உளர். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பழம்பொருளைக் கொண்டு புதுநகை செய்வது நமக்கு ஈராயிரம் ஆண்டு வழக்கம். அவ்வழக்கத்தில் நாம் பெற்றது எது, இழந்தது எது என்பதைச் சற்றே நோக்குவோம்.

பழைய நகையைப் புதுப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று உருக்குதல், மற்றொன்று கோத்தல். உருக்கினால் பொன் மிஞ்சும், பழைய வேலைப்பாடு அழியும். கோத்தாலோ பழைய உறுப்பு அப்படியே இருக்க, சரடும் அமைப்பும் மட்டுமே புதியனவாகும். இவ்விரண்டனுள் கோத்தலை நம் சங்கப் புலவர் ஒருவர் கண்முன் நிறுத்திக் காட்டியிருக்கிறார். குறுந்தொகையின் 67ஆம் பாட்டு. பாடியவர் அள்ளூர் நன்முல்லையார். பிரிந்து சென்ற தலைவன் தன்னை நினையானோ என்று தலைவி தோழியிடம் ஏங்கும் பாட்டு அது. அவன் கடந்து செல்லும் வறண்ட காட்டில் ஒரு கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பற்றியிருக்கிறது. புதிய நாணிலே கோப்பதற்காகப் பொற்கொல்லன் கூரிய நகத்தால் பற்றியிருக்கும் பொன்னணியின் ஒற்றைக் காசுபோல் அப்பழம் தோன்றுகிறதாம். நாண் புதியது என்று புலவர் கூறுகிறாரே அன்றிக் காசு புதியது என்று கூறவில்லை. பழைய சரடு அற்றுப்போன அணியொன்றை மீண்டும் கோக்கும் கை அது என்று நாம் கொள்கிறோம்; வேறு வகையாகக் கொள்வாரோடு வழக்காட மாட்டோம். அக்காசு நாணயமாயினும், காசு வடிவான மணியாயினும், நகத்தால் பற்றிக் கோக்கும் அந்தக் கைப்பழக்கத்தை இன்றும் எந்த நகைப் பட்டறையிலும் காணலாம்.

அக்காலத்தில் நம் நாட்டில் வெளிநாட்டுக் காசுக்குக் குறைவில்லை. மிளகையும் முத்தையும் மணிகளையும் விரும்பிய உரோமானியர், அவற்றுக்கு ஈடாகப் பொன்னும் வெள்ளியும் கொண்டுவந்து கொட்டினர். 1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சீமையின் கறுக்காக்குறிச்சியில் 501 உரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் அரசன் தலைமீது உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. நாணயமாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே செல்லும் என்பதற்கான அடையாளம் அது என்று அறிஞர் கருதுவர். இதற்காக நாம் புதுக்கோட்டை வரை போகவும் வேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் மர்பி டவுனுக்குச் சற்றுக் கிழக்கே உள்ள எச்.ஏ.எல். பகுதியிலும், நகரின் மறுகோடியில் உள்ள யஷ்வந்தபுரத்திலும் அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் ஆகிய பேரரசர்களின் காசுகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டுள்ளன. நாம் நாள்தோறும் பேருந்தில் கடக்கும் நிலம் அது.

இதே கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்து அக்கி ஆலூரில் சில நூற்றாண்டுகள் பிற்பட்ட பைசாந்தியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுட் பலவற்றில் அடுத்தடுத்து இரண்டு துளைகள் உள்ளன. துளையிட்டவர் கண்ட இடத்தில் துளைக்கவில்லை. அரசன் உருவம் நிமிர்ந்து தொங்கும்படி அதன் தலைக்கு மேலேயே துளைத்திருக்கின்றனர். எங்கோ கான்ஸ்டாண்டிநோபிளில் ஆண்ட ஒருவனின் முகம் இங்கே ஒரு பெண்ணின் மார்பில் ஆடியிருக்கிறது. பொற்காசுக்கு வழியில்லாதவர் என் செய்தனர்? தெலங்கானத்துக் கொண்டாபூரிலும் மராட்டியத்துத் தேரிலும் நடந்த அகழாய்வுகளில் சுட்ட மண்ணாலான போலிக் காசுகள் அகப்பட்டன. உரோமானியக் காசை அச்சாக வைத்து மண்ணில் ஒற்றி, மேலே ஒரு வளையம் வைத்துச் சுட்டெடுத்த பதக்கங்கள் அவை. நம் சிதம்பரத்துக் கவரிங்குக்கு மூத்த அக்காள் என்று அவற்றைக் கூறினால் பிழையாகாது.

இனி உருக்குதலுக்கு வருவோம். பழைய நகையைக் கையில் வாங்கிய பொற்கொல்லர் முதலில் தேடுவது உரைகல்லை. கருநிறக் கல்லின்மீது நகையை ஒரு கீற்று இழுத்து, அருகே மாற்று இன்னதென்று தெரிந்த ஆணியை ஒரு கீற்று இழுத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். திராவகம் ஒரு துளி தொட்டு வைத்து எந்தக் கீற்று எவ்வளவு நிற்கிறது என்றும் பார்ப்பார். பிறகே மூசையும் கும்முட்டியும் ஊதுகுழலும் வெண்காரமும். இதில் ஒரு நுட்பம் உண்டு. நகையின் உறுப்புகளைப் பற்றவைக்கும் பொடி மாற்றுக் குறைந்தது. குறைந்தால்தான் அது நகைக்கு முன்னே உருகும். ஆகவே பல பற்றுகள் கொண்ட நகையை ஒருமுறை உருக்கினால் பொடியும் உடன்கலந்து மாற்று இறங்கும். மறுபடி நகை செய்து மறுபடி உருக்கினால் மேலும் இறங்கும். மீட்க வேண்டுமாயின் புடமிட வேண்டும். பாட்டி நகை பத்தரை மாற்று என்று சொல்லிக்கொண்டு கடைக்குச் செல்பவர்கள் முகம் சுண்டித் திரும்பி வருவதற்கு எல்லா நேரத்திலும் கடைக்காரரே காரணமல்லர்.

உரைகல்லைப் பற்றிச் சொல்லும்போது, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மனோர் அறிய வேண்டிய ஒன்றுண்டு. தாய்லாந்து நாட்டின் கிராபி மாகாணத்தில் குலோங் தோம் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள பௌத்த விகாரையின் அருங்காட்சியகத்தில் ஒரு சிறு கல் பாதுகாக்கப்படுகிறது. அது பொற்கொல்லர் ஒருவரின் உரைகல். அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டப்பட்டிருக்கிறது; பெரும்பத்தனுடைய கல் என்று பொருள் கொள்வர். காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. பொற்கொல்லரைப் பத்தர் என்றழைக்கும் வழக்கம் தென்தமிழ் நாட்டில் இன்றுமுண்டு. அரசர் படையெடுத்துச் சென்றதை மட்டுமே கடல் கடந்த தமிழர் வரலாறாகப் பேசிப் பழகிவிட்டோம். அதற்கு ஏழு நூற்றாண்டு முன்னரே ஒரு தட்டார் தம் கல்லில் தம் பெயரைப் பொறித்துக்கொண்டு கடல் கடந்திருக்கிறார். பிழைக்கப்போன இடத்தில் கருவி களவு போய்விடக்கூடாதே என்ற அச்சமாக இருக்கலாம். பாத்திரத்தில் பெயர் வெட்டி வைக்கும் நம் வீட்டு வழக்கம் நினைவுக்கு வருகிறது.

இத்தனை நெடிய மரபுடைய நம்மிடம் ஆயிரம் ஆண்டுப் பழமையான நகை எத்தனை எஞ்சியிருக்கிறது? தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்க்கு இவ்வினா நெஞ்சை அறுக்கும். இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் மற்றோரும் வழங்கிய அணிகலன்களைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நிறுத்துக் கல்லில் வெட்டியிருக்கின்றனர். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல். மணி பதித்த அணிகளை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல். சரடும் அரக்கும் உட்பட நிறை இவ்வளவு என்று எழுதுகின்றனர். முத்துகளை உருண்டை, சப்பட்டை, இரட்டை என்று வகைபிரித்து எண்ணுகின்றனர். குற்றமுள்ள மணியைக் குற்றத்தோடேயே குறிக்கின்றனர். கோப்பு எழுதிப் பிழைக்கும் நம் போன்றோர் அந்தக் கணக்கின் முன் தலைவணங்கத்தான் வேண்டும். சேரரையும் பாண்டியரையும் வென்று கைக்கொண்ட பண்டாரத்திலிருந்து செய்த வெள்ளிக் கலங்களும் அப்பட்டியலில் உள்ளன. தோற்றவர் வீட்டுப் பொருள் வென்றவர் கோயிலில் கலமாயிற்று. பின்னர் அக்கலமும் அணியும் எங்கெங்கோ சென்று என்னென்னவோ ஆகியிருக்கும். கல் நிற்கிறது; அதில் சொல்லிய நகைகளை இன்று காண முடிவதில்லை. பொன் அழியவில்லை என்பது உறுதி. அது எவர் கழுத்திலோ, எந்த நாட்டுப் பெட்டகத்திலோ இருக்கத்தான் வேண்டும். அழிந்தது கைவேலை.

பழைய நகையை விற்கப்போனவன் கதையைத்தானே இளங்கோவடிகள் காப்பியமாக்கினார்! கோவலன் மதுரைக்குச் சென்றது மனைவியின் சிலம்பை முதலாக வைத்து மீண்டும் வாணிகம் தொடங்குவதற்காக. கையில் பழைய நகையோடு வருபவன் கள்வனாயிருக்கலாம் என்னும் ஐயம் அன்றும் இருந்தது. பழைய நகைக்கு ரசீது எங்கே என்று கேட்கும் கடைகளில் இன்றும் இருக்கிறது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்று உடைத்துப் பார்த்த பிறகே உண்மை விளங்கிற்று. பொற்கொல்லன் ஒருவன் செய்த வஞ்சனைக்காகக் கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்றும் அக்காப்பியம் கூறும். இதைப் படிக்கையில் கண்ணகிக்காக உருகுபவர் அந்த ஆயிரவருக்காக ஒரு கணமும் நிற்பதில்லை. தட்டார் தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பர் என்று பழமொழி சொல்லியே ஒரு தொழிற்குலத்தை நெடுங்காலம் ஐயக்கண் கொண்டு பார்த்துவிட்டோம்.

அண்மைக் காலத்தில் நம் பழநகைகளுக்கு நேர்ந்த பெருங்கேடுகள் இரண்டு என்போம். முதலாவது 1931இல் வந்தது. உலகெங்கும் விலைவாசி சரிந்து, நெல்லுக்கும் கடலைக்கும் பருத்திக்கும் விலையற்றுப்போன காலம். அவ்வாண்டு செப்டம்பரில் பிரிட்டன் தன் நாணயத்துக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்துக்கொண்டது. ரூபாய்க் கணக்கில் பொன் விலை ஏறிற்று. தீர்வை கட்டவும் வட்டி கட்டவும் வழியில்லாத குடியானவர்க்கு வீட்டில் விலைபோகக்கூடிய பொருள் நகை ஒன்றே. ஊர்தோறும் தரகர் வந்து வாங்கினர். நகைகள் கட்டிகளாகி, கப்பலேறி லண்டனுக்குச் சென்றன. இது சில ஆண்டுகள் தொடர்ந்து நடந்தது. சவரனாக வந்த பொன் கட்டியாகத் திரும்பிற்று. எத்தனை அட்டிகைகள், எத்தனை ஒட்டியாணங்கள், எத்தனை தண்டட்டிகள் அதில் போயினவோ, எழுதி வைத்தார் இல்லை. இராசராசன் அதிகாரிகளைப் போன்ற எழுத்தர் அப்போது நம் ஊர்களில் இல்லை.

இரண்டாவது நாமே நமக்குச் செய்துகொண்டது. சீனப் போரை அடுத்து, 1963 ஜனவரியில் மத்திய அரசு தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். பதினான்கு காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யலாகாது என்பது விதி. அந்நியச் செலாவணி கரைவதும் கடத்தல் பெருகுவதும் அரசின் கவலை, அக்கவலை பொய்யன்று. ஆயினும் பதினான்கு காரட் தங்கம் நம் பட்டறைகளுக்குப் பழகாத உலோகம். கடினமானது, நிறம் மங்கியது, நம் பெண்டிர் விரும்பாதது. கும்முட்டிகள் அணைந்தன. வேலையிழந்த பொற்கொல்லர் பலர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் நாடெங்கிலுமிருந்து வந்தன. அவ்வாண்டின் பிற்பகுதியில் அரசு ஒரு தளர்வு தந்தது: வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய நகையை, அதே மாற்றில், புது நகையாகச் செய்து கொடுக்கலாம். பொற்கொல்லர் வயிற்றில் பால் வார்த்தது அத்தளர்வு. ஆனால் அதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். நல்ல தங்கத்தில் புது நகை வேண்டுமாயின் வீட்டிலுள்ள பழைய நகையை உருக்குவதே அப்போது நேரான வழியாயிற்று. தட்டார் வாழ்ந்தார், அவர் பாட்டன் செய்த வேலைப்பாடு அவர் மூசையிலேயே கரைந்தது. பதினான்கு காரட் வரம்பு 1966இல் நீங்கியது. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, தனியார் கட்டித் தங்கம் வைத்திருப்பதைத் தடுத்தது. 1990இல் அச்சட்டமும் நீக்கப்பட்டது.

இத்தனைக்கும் நடுவே சில பொருள்கள் பிழைத்தன. பிழைத்தவை பெரும்பாலும் ஏழைகள் வீட்டுப் பொருள்கள் என்பது வேடிக்கை. செல்வர் வீட்டில் கலியாணத்துக்குக் கலியாணம் நகையை மாற்றினர். ஏழை வீட்டில் மாற்றுவதற்குக் கூலியில்லை. ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த வெள்ளி ரூபாய் 11.66 கிராம் நிறையுள்ளது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டு, 1947இல் அது நிக்கலாகிவிட்டபோது, பழைய ரூபாயை முடிந்து வைத்தவர்கள் அதற்கு வளையம் பற்றவைத்துக் கோத்துக்கொண்டனர். லம்பாணிப் பெண்டிரின் கழுத்தில் அந்த ரூபாய் மாலைகளை நாம் கண்டிருக்கிறோம். தென்மாவட்டத்து மூதாட்டியரின் தண்டட்டியோ, பொன் தகட்டின் உள்ளே அரக்கு நிறைத்துச் செய்வது; பார்வைக்குக் கனமாயினும் உருக்கினால் பொன் கொஞ்சமே. காது வளர்க்கும் வழக்கம் நின்று, வளர்ந்த காதையும் தைத்து மூடிக்கொண்ட பின்னர் அவை பெட்டிக்குள் கிடந்தன. இன்று கைவேலைக் கலைஞர் சிலர் அவற்றை உருக்காமல் பதக்கமாக்கிக் கோக்கின்றனர். நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் அயல்நாட்டுக்குக் கொண்டுசெல்லலாகாது என்று 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் கூறுவதை, பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கும் பெற்றோர் நினைவிற் கொள்வது நன்று.

நம் மர்பி டவுனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. நாக்ஸ்பேட்டை என்பது இதன் பழம்பெயர். 1809இல் பெங்களூர்க் கண்டோன்மெண்ட் அமைந்தது முதல் வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் படையின் பின்னே வந்த தமிழர் பலர். அவர்களின் உறவினரே கோலார் தங்கவயலுக்கும் போயினர். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கங்களில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கிப் பொன்னெடுத்தோர் பெரும்பாலும் நம்மவர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. வாழ்நாளெல்லாம் பொன் வெட்டியவர் வீட்டில் மகள் கலியாணத்துக்கு ஒரு பவுன் சேர்க்கப் பட்ட பாட்டை இங்குள்ள குடும்பங்கள் அறியும். எடுத்தவர் கைக்கும் அணிந்தவர் கழுத்துக்கும் இடையே எத்தனையோ கைகள்.

எங்கள் பாட்டியார் குடியாத்தத்திலிருந்து வாழ வந்தபோது தாலிச் சரட்டில் இரண்டு அரைப் பவுன் காசுகளைக் கோத்து வந்தார். 1912ஆம் ஆண்டுக் காசுகள். ஒரு பக்கம் அரசன் தலை. மறுபக்கம் குதிரைமீதேறி ஒருவன் பறவைநாகத்தைக் குத்தும் உருவம். அது ஆங்கிலேயர் வழிபடும் புனித ஜார்ஜ். பாட்டியாருக்கோ அது ஐயனார். வெள்ளிக்கிழமைகளில் அவ்வுருவத்துக்கே மஞ்சள் பூசிக் கும்பிடுவார். எம் தமக்கையார் திருமணத்தின்போது அக்காசுகளைப் புது நகைக்கு ஈடாகப் போட எண்ணி ஒரு கடைக்குக் கொண்டுசென்றோம். வளையம் பற்றிய இடத்தைக் காட்டி, இது கலப்புத் தங்கம் என்று நிறையில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தனர். அரைச் சவரன் 22 காரட், 3.99 கிராம் என்பதை எடுத்துச் சொல்லியும் பயனில்லை. அல்சூரில் ஒரு சிறு அறையில் பட்டறை வைத்திருந்த முதிய ஆசாரியாரிடம் போனோம். அவர் உரைகல்லை எடுக்கவே இல்லை. காசைக் கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதுல குத்தம் ஒண்ணுமில்ல. வளையத்த மட்டும் எடுத்துட்டு வேற வளையம் வெச்சுத் தரேன். உருக்கறதா இருந்தா வேற ஆளப் பாருங்க" என்றார்.

கூலியாக அவர் கேட்டது நூறு ரூபாய்க்குள்தான். பழைய வளையத்தை ஊதிக் கழற்றும்போது அதன் அடியில் நூறாண்டு மறைந்திருந்த இடம் மட்டும் அச்சடித்த நாளின் கூர்மையோடு வெளிப்பட்டது. மற்ற இடமெல்லாம் மஞ்சளும் விரலும் பட்டுத் தேய்ந்திருந்தது. இப்போது அவ்விரு காசுகளும் எம் தமக்கையார் மகளிடம் இருக்கின்றன. கல்லூரிக்குப் போகும் பெண். சந்தையில் வாங்கிய பழைய பவழமணிகளுக்கு இடையே அவற்றைத் தானே கோத்து வைத்திருக்கிறாள். குதிரை வீரன் வெளியே தெரியும்படியாகவே கோத்திருக்கிறாள்.